ஏசுவதற்கு ஒரு பெயர்

அன்புள்ள ஆறுமுகத்துக்கு,

இந்தப் பெயரை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மறுபடி எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நீ பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட நான் உன்னை இந்தப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. உன் தாத்தாவின் பெயர் அது. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், பெற்ற பிள்ளையின் பெயரும் எனக்கு விலக்காகிப் போனது. துரை என்றேன், மக்கா என்றேன், கைப்பிள்ளையில் குஞ்சு என்றேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்க, நான் உன் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெயரே வைக்காமல் பிள்ளையைக் கூட்டிவந்திருக்கிறாள் என்று அவர் நினைத்திருப்பார். இன்றைக்கு எழுதிவிட்டேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. தெருவில் வற்றல் மிளகாய் மூட்டை இறக்குகிறார்கள், ஆரியசாலை முழுக்கத் தும்முகிறது, அவ்வளவுதான்.

பம்பாயிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்தது. லீவு கிடைத்துவிட்டது, தை பிறந்ததும் வந்துவிடுவாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தாய்: "பெண்ணின் பெயரை மாற்றுவது பற்றி அத்தை எழுதியிருந்தாள். அதெல்லாம் சின்ன விஷயம் அம்மா, அத்தை சொல்கிறபடியே ஆகட்டும்." அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நல்ல கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது உன்மேல் குற்றமில்லை என்று பட்டது. உனக்குத் தெரியாது. இந்த வீட்டில் யாரும் உனக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி. என்மேல் இரக்கப்படுவதற்காக எழுதவில்லை. உன்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, அது வேறு யாராலும் ஆகாது.

கரமனையில் பெண் பார்த்த கதையை அத்தை உனக்கு எழுதியிருப்பாள். பெண் நல்ல நிறம், நல்ல முடி, பள்ளிக்கூடப் படிப்பு முழுசும் முடித்தவள், தகப்பனார் சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதுகிறவர், எல்லாம் எழுதியிருப்பாள். எழுதாததை நான் எழுதுகிறேன். அரிசிக்கு அட்டையோடு வரிசையில் நிற்கிற இந்தக் காலத்தில் அவர்கள் எங்கிருந்தோ பச்சரிசி தேடி இடியாப்பம் செய்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அத்தை அந்தப் பெண்ணைப் பக்கத்தில் இருத்திப் பெயரைக் கேட்டாள். தங்கம் என்றது அது. அத்தை மூக்கில் விரலை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, மாமியாருக்க பேராக்குமே! அது ஒரே வீட்டுல ஒக்குமா? செல்லம்னு விளிப்போம். நல்ல பேராக்கும்."

அந்தப் பெண் பயப்படவில்லை, முகத்தைத் தொங்கப் போடவும் இல்லை. பாதி சிரிப்போடு, "செல்லம்னு விளிச்சா எனக்குத் திரும்பத் தோணாதே" என்றது.

"அதுக்கென்ன, ரெண்டு நாளு ஏச்சு வாங்கினா தன்னால திரும்புவே" என்றாள் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணின் அம்மாவும் சிரித்தாள். அந்தப் பெண் மட்டும் என் முகத்தைப் பார்த்தது. மாமியாராகப் போகிறவள், தன் பெயரையே உடையவள், இவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருக்கும். நானும் சிரித்துவைத்தேன்.

மகனே, என் பெயர் தங்கம் இல்லை. என் பெயர் பகவதி.

எனக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காததால், கன்னியாகுமரியில் போய் வேண்டிக்கொண்டு, பிறந்தால் உன் பெயரையே வைக்கிறேன் என்று அம்மனிடம் சொல்லி என் அம்மை பெற்ற பிள்ளை நான். எங்கள் ஊரில் என்னைப் பெயரைச் சுருக்கிக்கூட யாரும் அழைக்க மாட்டார்கள். அம்மனுக்குக் கொடுத்த வாக்கில் ஒரு எழுத்துக் குறைந்தாலும் குற்றம் என்று என் அம்மை நினைத்தாள். நாஞ்சில்நாட்டிலிருந்து பதினான்கு வயதில் கல்யாணமாகி வில்வண்டியில் இந்த ஆரியசாலை வீட்டுக்கு வந்து இறங்கினேன். ஆரத்தி எடுத்தார்கள். அப்போது யாரோ ஒரு சொந்தக்காரி, "பகவதி, வலது காலை வச்சு வா மக்களே" என்று சொல்லிவிட்டாள். உள்ளேயிருந்து என் மாமியார், உன் அப்பாவின் அம்மை, வாசலுக்கு வந்தாள். அவளுக்கும் பெயர் பகவதி. ஜாதகம் பார்த்தார்கள், நகை பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பது தெரிந்தேதான் இருந்தது. ஆனால் வாசலில் வைத்து அதைச் சத்தமாகக் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது போலிருக்கிறது.

"இந்தப் பேரு இங்க வேண்டாம்" என்றாள். கூட வந்திருந்த என் சித்தப்பா மரியாதையாக, "அம்மனுக்கு நேந்து வச்ச பேராக்கும், அதை எப்பிடி..." என்று இழுத்தார். என் மாமியார் கோபப்படவே இல்லை. குழந்தைக்குப் பாடம் சொல்வது மாதிரிச் சொன்னாள். "வே, நாளைக்கு இந்தப் பிள்ளை பாலைப் பொங்கவிட்டுட்டுன்னு வையும். நான் இவளுக்க பேரைச் சொல்லி ஏசினா, அது எனக்கேல்லா வந்து சேரும்? எனக்க மவன் பெண்டாட்டியை ஏசினா பெத்த தாயை ஏசினதா ஆவாதா? ஏசுறதுக்கு வீட்டுல ஒரு பேரு வேண்டாமா?" அப்படித்தான் எனக்குத் தங்கம் என்று பெயர் வந்தது. பார், பெயர் என்னவோ நல்ல பெயர்தான். ஏசுவதற்காக வைத்த பெயர் என்றாலும் தங்கம் என்றே வைத்தார்கள்.

எனக்கு அந்தப் பெயருக்குத் திரும்பத் தெரியவில்லை. கிணற்றடியில் நிற்பேன், உள்ளேயிருந்து தங்கம் தங்கம் என்று சத்தம் வரும், அந்தத் தங்கம் யாரோ, போகவேண்டியதுதானே என்று நான் பாட்டுக்கு நீர் இறைத்துக்கொண்டிருப்பேன். முதுகில் ஒரு அடி விழும்போதுதான் தெரியும். செவிடியைக் கொண்டுவந்து கட்டிவைத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. என் காதில் வேப்பெண்ணெய்கூட விட்டார்கள். ஆனால் அந்தப் பழகாத காலத்தில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. ஏச்செல்லாம் தங்கத்துக்குத்தான் விழுந்தது. மூதேவி, துப்புக்கெட்டவள், நாஞ்சில்நாட்டுச் சோத்துமாடு, எது வந்தாலும் அது தங்கத்தின் தலையில். பகவதியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவளைக் குளிப்பாட்டித் தலைசீவி உள்ளே ஒளித்துவைத்திருந்தேன். இப்படி நினைத்துக்கொண்டுதான் அந்த நாட்களைத் தள்ளினேன். பிறகுதான் இதில் ஒரு மோசம் இருப்பது தெரிந்தது. ஏச்சு தங்கத்துக்குப் போனால் நல்லதும் தங்கத்துக்குத்தானே போகும். நீ பிறந்தபோது, "தங்கம் ஆம்பிளப் பிள்ளை பெத்துட்டா" என்று தெருவெல்லாம் சொன்னார்கள். படுத்துக்கிடந்த எனக்கு, யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளையை என் பக்கத்தில் கொண்டு கிடத்தியது போல இருந்தது. இதைப் படித்து நீ வருத்தப்படாதே. பால் கொடுத்ததும் அது போய்விட்டது.

உன் அப்பா நல்ல மனிதர். அவரைப் பற்றி ஒரு குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரிய கச்சேரியில், சர்க்கார் ஆபீசில், மொழிபெயர்ப்பு வேலை. இங்கிலீஷில் வருகிற மனுக்களையும் புகார்களையும் மலையாளத்தில் ஆக்கி மேலே அனுப்ப வேண்டும். தமிழ் பேசுகிற வீட்டில் பிறந்து, இங்கிலீஷைப் படித்து, மலையாளத்தில் எழுதிச் சம்பளம் வாங்கினவர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த கொஞ்சத்தை அவர் விட்டுவிடவில்லை. விளக்கேற்றியதும் அந்தக் கனத்த அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு ஆபீசில் இடறிய சொல்லை எனக்கு எடுத்துக் காட்டுவார். நான் முறம் வைத்துப் பயறு பொறுக்கிக்கொண்டே கேட்பேன். அவர் என்னைத் தங்கம் என்று அழைத்ததே இல்லை. "இஞ்ச பாரு" என்பார். அதுதான் அவர் எனக்கு வைத்திருந்த பெயர். அந்த இரண்டு சொல்லுக்கு நான் ஒருநாளும் திரும்பாமல் இருந்ததில்லை.

ஒருநாள் முகம் சிவந்துபோய் வந்தார். வித்துரா தாண்டி மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்த துரை, ஸ்காட்லாந்துக்காரராம், தன் பட்லர்மேல் ஒரு புகார் எழுதியிருந்தார். கூலிகள் எல்லாரும் பார்க்க அந்தப் பட்லர் தன்னை மிஸ்கால் செய்தான் என்று அதில் இருந்தது. உன் அப்பா அகராதி பார்க்காமலே, "தவறான பெயர் சொல்லி அழைத்தான்" என்று மலையாளத்தில் ஆக்கிக் கொடுத்துவிட்டார். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, துரையை அவன் என்ன, கோவிந்தன் என்று கூப்பிட்டானா என்று கேட்க, ஆபீசே சிரித்திருக்கிறது.

"இஞ்ச பாரு, இந்தச் சொல்லுக்க கூத்தை" என்று அகராதியைப் பிரித்தார். "மிஸ்கால். தப்பான பேரு சொல்லி விளிக்கது. நான் எழுதினது சரிதான். ஆனா அந்தத் துரைக்க நாட்டுல இதுக்கு வேற ஒரு அர்த்தமும் உண்டாம். ஏசுறது. கண்டபடி பேரு சொல்லி ஏசுறது."

"மிஸ் கால்னா எனக்குக் கால் தவறி விழுந்தது மாதிரில்லா கேக்குது" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிப்பதைப் பார்ப்பதற்காகவே நான் இப்படி ஏதாவது சொல்வேன். "நீ சொன்னது பாதி சரியாக்கும். மிஸ்ங்கறது அவங்களுக்க சொந்தச் சொல்லு, பழைய சொல்லு. வழி தவறி, குறி தவறின்னு அர்த்தம். கைக்கு வந்ததைத் தவறவிடுறதுக்குச் சொல்லுவாங்களே ஒரு மிஸ்சு, அதுவும் இதுக்குச் சொந்தம்தான். ஆனா கால்ங்கறது அவங்களுக்குள்ளது இல்ல. வடக்கே கடல் தாண்டி வந்தவங்க கூட வந்தது. விளிக்கதுக்கு இங்கிலீசுல அதுக்கு முன்ன தனியா ஒரு சொல்லு இருந்திருக்கு. இது வந்து அதை வெளிய தள்ளிட்டு."

"அப்பம் மருமவ வந்து மாமியாரை வெளிய தள்ளின கதையாக்கும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். இரண்டு பேரும் அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தோம். நாங்கள் அப்படிச் சேர்ந்து சிரித்தது குறைவு. அதனால்தான் இவ்வளவும் ஓர்மையில் இருக்கிறது. புத்தகத்தில் இருக்கிற சொல்லைப் பிழையாக வாசிப்பதற்கும் அவர்கள் நாட்டில் சில ஊர்களில் இதே சொல்லைச் சொல்வார்களாம், அதையும் அன்றைக்குச் சொன்னார்.

பிறகு அவர் அகராதியை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு கேள்வி கேட்டார். என்னைக் கேட்கவில்லை, தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். "பேரை மாத்தி விளிக்கது எங்க கெடக்கு, ஏசுறது எங்க கெடக்கு? ரெண்டும் எப்பிடி ஒரே சொல்லுக்குள்ள வந்துது?"

நான் பயற்றிலிருந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டே, "எனக்குப் பேரு மாத்தினதே ஏசுறதுக்குத்தானே" என்றேன். குத்திக்காட்டவேண்டும் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டார், பதில் எனக்குத் தெரிந்திருந்தது, வாயில் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அகராதியை மூடி அலமாரியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் காலையில் கோட்டும் தலைப்பாகையும் போட்டு ஆபீசுக்குப் புறப்பட்டு நின்றார். மழை மூடியிருந்தது. நான் பின்கட்டில் இருந்தேன். முன்னறையிலிருந்து அவர் குரல் கேட்டது. "பகவதி, எனக்க குடையை எடு."

இந்த வீட்டுச் சுவர்களுக்குள் அந்தச் சொல் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குடையை எடுத்தேன். "இதோ" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்து அறையிலிருந்து என் மாமியார், "என்னலே?" என்று குரல் கொடுத்துவிட்டாள். அவளை என்ன சொல்ல? பிறந்ததிலிருந்து அது அவள் பெயர். கூப்பிட்டால் திரும்பத்தானே செய்வாள்? குரல் கொடுத்த பிறகுதான், அழைத்தது யார், எப்படி அழைத்தான் என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது. வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தாள்.

"யாரைலே விளிச்சே? பெத்த தாயைப் பேரு சொல்லி விளிக்கதுக்காலே உன்னை இங்கிலீசு படிக்க வச்சேன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் குடையோடு நடையில் நிற்கிறேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஏசினால்கூடத் தாங்கியிருக்கலாம், அவள் அழுதாள். உன் அப்பா தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு, "இல்லம்மை, வாய் தவறிட்டு" என்றார். குடையை வாங்காமலே மழையில் இறங்கிப் போய்விட்டார்.

வாய் தவறிவிட்டது. அவர் நடமாடிய காலத்தில் எனக்குச் சரியான பெயரைச் சொன்ன ஒரே தடவை, அது பிழையாகிப் போய்விட்டது. அன்றைக்கு முழுக்க என் மாமியார் சாப்பிடவில்லை. சாயங்காலம் அவர் நனைந்து வந்து, அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டபிறகுதான் கஞ்சி குடித்தாள். அதற்குப் பிறகு அவர் அந்த முயற்சி செய்யவில்லை. விளக்கேற்றியபின் அகராதி எடுப்பதும் மெல்ல மெல்ல நின்றது. "இஞ்ச பாரு" மட்டும் இருந்தது.

வருஷத்துக்கு ஒருதடவை நான் ஊருக்குப் போகும்போது என் அம்மை வாசலில் நின்று பகவதி என்பாள். அவளும் போனபிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. மாமியார் காலமானபோது, பாவம்தான் இப்படி நினைப்பது, இனி அந்தப் பெயர் எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. ஆனால் போனவர்களின் பெயர் அதற்குமேல் பெரிதாகிவிடும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. திதியன்று சொல்ல வேண்டிய பெயர், படத்துக்கு மாலை போட்டுச் சொல்ல வேண்டிய பெயர். அதை எடுத்து என்மேல் போட்டுக்கொள்ள முடியுமா? நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் வீட்டில் எல்லாருக்கும் அது மறந்தும் போய்விட்டது. உனக்குத் தெரியவே தெரியாது.

இனி எழுதப் போவதை நீயும் பக்கத்தில் நின்று பார்த்தாய். உன் அப்பா கடைசியாகக் கிடந்த அந்த மத்தியானம். வைத்தியர் வந்து கையைப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிப் போயிருந்தார். நீ விசிறியோடு தலைமாட்டில் நின்றாய். அத்தை காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கரண்டியில் வெந்நீர் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். வெகுநேரம் பேச்சில்லாமல் கிடந்தவர் கண்ணைத் திறந்து, தெளிவாக, "பகவதி" என்றார்.

அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். "அம்மன் பேரை விளிக்கான்! எனக்க தம்பிக்கு நல்ல கதியாக்கும்!" என்றாள். நீ சொன்னதும் ஓர்மை இருக்கிறதா? "இல்ல அத்தை, அப்பா ஆச்சியைத்தான் தேடுகாரு" என்றாய். அம்மன் வந்துவிட்டாள், அம்மை வந்துவிட்டாள் என்று அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லி அழுதார்கள். அவர் மறுபடியும் ஒருதடவை சொன்னார். முதல் தடவை மாதிரிச் சத்தமில்லை. நான் அவருடைய உதட்டை நனைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரு "என்ன" சொல்லவில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, மகனே. அவ்வளவு பேர் அது நான் இல்லை என்று சொல்லும்போது, நான்தான் என்று குனிந்து குரல் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. குரல் கொடுத்து, அது நான் இல்லையென்று ஆகிவிட்டால் என்ன செய்வது? குடையோடு நடையில் நின்றவள்தானே நான்? கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் கழிந்து, ஆட்கள் போய், தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. எந்தப் பிள்ளை பெற்ற தாயைப் பெயர் சொல்லி விளிப்பான்? அம்மை என்றுதானே விளிப்பான்? அதிலும் ஒருதடவை அப்படி விளித்து அந்தப் பாடுபட்டவர். அம்மனை என்றால் தாயே என்றிருப்பார், அவர் அம்மனைக் கும்பிடும்போது அப்படித்தான் சொல்வார். அந்த வீட்டில் அவர் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய பகவதி ஒருத்திதான் இருந்தாள். அவள் கையில் கரண்டியோடு பக்கத்திலேயே இருந்தாள். சொல்லைப் பிழையாக வாசிப்பதற்கும் அந்த மிஸ்கால்தான் சொல் என்று அவர் சொன்னாரே, அன்றைக்கு அந்த அறையில் நாம் எல்லாரும் சேர்ந்து அதைத்தான் செய்தோம். நீ செய்ததை நான் குறை சொல்லவில்லை, உனக்கு அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் இது நானே யோசித்துக் கண்டுபிடித்ததுதான், அவர் வாயால் சொன்னதில்லை. சில நாள் உறுதியாக இருக்கிறது, சில நாள் இல்லை. உறுதியாக இருக்கிற நாட்களில்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன வாரம் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "மதினி, எனக்க பேரு தங்கம் இல்ல. அந்தப் பிள்ளைக்க பேரை மாத்தவேண்டிய காரியமே இல்ல" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "புத்தி கலங்கிட்டா உனக்கு? ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பேரு அதாக்கும். கல்யாண நேரத்துல இதென்ன புதுசா?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அவள் பழகிய வழி அது. எனக்கு நேர்ந்ததில் தப்பென்ன என்றே அவளுக்குப் புரியவில்லை. அச்சாபீசிலிருந்து கல்யாணப் பத்திரிகையைத் திருத்தம் பார்க்கக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதில் பெண்ணின் பெயரைச் செல்லம் என்றும் உன் தாயாரின் பெயரைத் தங்கம் என்றும் போட்டிருக்கிறது. நீ மறுத்து ஒன்றும் சொல்லவில்லை என்றால் அப்படியே அச்சாகிவிடும். மாப்பிள்ளை சொன்னால்தான் அத்தை கேட்பாள், என் பேச்சுக்கு இந்த வீட்டில் அந்த எடை கிடையாது.

நீ அத்தைக்கு உடனே எழுது. தபாலில் தாமதமாகும் என்று தோன்றினால் தந்தி அடி. பெண்ணின் பெயர் தங்கம், அவள் கொண்டுவருகிற பெயர் அது, அப்படியே இருக்கட்டும் என்று எழுது. உன் தாயார் பெயர் பகவதி என்று எழுது. அதைப் பத்திரிகையில் போட்டால் ஆச்சியின் பெயரல்லவா என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பதுதானே அத்தைக்குத் தடை? நான் என் பெயரை எடுத்துக்கொண்டால் அந்தத் தடை போய்விட்டது. அந்தப் பிள்ளை என் மடியிலிருந்து ஒன்றையும் எடுக்கவில்லை. என்னுடையது இல்லாத ஒன்றுக்காக அவளுடையதை ஏன் பிடுங்க வேண்டும்?

இன்னும் ஒன்று. நீங்கள் சண்டை போடுவீர்கள். போடாமல் இருக்க முடியாது, பம்பாயில் ஒற்றை அறையில் குடித்தனம் செய்யப் போகிறவர்கள். கோபம் வந்தால் ஏசு, அவளும் உன்னை ஏசட்டும். ஆனால் அவள் பெயரைச் சொல்லியே ஏசு. ஏச்சு யாருக்குப் போகிறதோ அவளேதான் உன் பக்கத்தில் இருக்க வேண்டும். கோபம் போனபிறகு நீ அழைக்கிறபோதும் அவளேதான் இருக்க வேண்டும். எனக்கு இதை விளக்கிச் சொல்லத் தெரியவில்லை, உன் அப்பா இருந்தால் அகராதியை எடுத்திருப்பார்.

மழை வருகிறது போலிருக்கிறது, வெளியே சாக்கு மூட்டைகளை ஓடி ஓடி உள்ளே தள்ளுகிறார்கள். நான் இதைத் தபாலில் சேர்க்கப் போகவேண்டும். ஆறுமுகம், எல்லாருக்கும் ஒருநாள் அந்த மத்தியானம் வரும். உனக்கு முந்தியோ அவளுக்கு முந்தியோ தெரியாது. நீ கண்ணைத் திறந்து தங்கம் என்று விளித்தால், சுற்றி நிற்கிறவர்கள் என்ன சொன்னாலும் சரி, அவள் குனிந்து "என்ன" என்று கேட்க வேண்டும். எனக்கு அது முடியாமல் போய்விட்டது.

இப்படிக்கு,
உன் அம்மை
பகவதி